ஒரு சாண் பின்னால்

சவரச் சாமான் வைத்திருக்கும் தகர டப்பாவின் அடியில், பழைய துணியில் சுற்றிய இரண்டு எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விரல் நீளம், விரல் அகலம், லேசான வளைவு. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒடிந்த இடம் பொருந்தி ஒரே பட்டையாகிவிடும். மாதம் ஒரு தடவை எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன், துருப்பிடிக்க விட்டதில்லை. என் மகன் ஒருநாள் இது என்னவென்று கேட்டான். பழைய வண்டிச் சாமான் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது, அதை அவனிடமும் சொல்லவில்லை.

தக்கலை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த கடைசி வருடங்களில், நான் அங்கே ஒரு பிரசவ டாக்டரம்மாவிடம் டிரைவராக இருந்தேன். கறுப்பு நிறத்தில் சின்ன சீமைக் கார். ஊரில் இருந்த கார்கள் மொத்தமும் கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றை ஓட்டிய நாங்கள் எல்லோரும் திருவனந்தபுரம் ரோட்டோரத்து ஒரே சாயக்கடையில்தான் டீ குடிக்க உட்காருவோம். எந்த வண்டிக்கு என்ன கோளாறு, எந்த முதலாளிக்கு என்ன குணம், எந்த ரிப்பேர் மேஸ்திரிக்குக் கை சுத்தம் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் தீர்ப்பாகும். என் குணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதிலும் சந்தேகம். தினமும் மாலையில் பெட்ரோல் டாங்கில் மூங்கில் குச்சி விட்டு அளந்து, குச்சியில் கத்தியால் கீறி வைப்பேன். பால்காரர் கண்முன்னாலேயே பாலைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பேன். "தனக்க நிழலு பொறத்தால வாறதுக்கே திரும்பித் திரும்பிப் பாக்குத ஆளு" என்று என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஏமாறாதவன் என்று பெயர் எடுப்பதைவிட ஒரு டிரைவருக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்த வயசு அது.

ஒரு நாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்திருந்தபோது எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மறைந்தது. காலை எடுத்தால் திரும்பவும் வந்தது. டாக்டரம்மா வண்டியை மேஸ்திரியிடம் கொண்டுபோகச் சொன்னார்.

மேஸ்திரியின் பட்டறை ரோட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகை. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். குட்டையான ஆள். எஞ்சின் சத்தம் கேட்க உட்கார்ந்தால் இடது காதில் பஞ்சு வைத்து அடைத்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். வேலை முடிகிறவரை ஒரு வாய் சாயா குடிக்க மாட்டார். இதெல்லாம் எனக்கு நாடகமாகப் பட்டது. சத்தம் கேட்பதற்குக் கண்ணை எதற்கு மூட வேண்டும்?

அன்று அவர் செய்ததை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றவைக்கும் காற்றாடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினார். சத்தம் அப்படியே இருந்தது. "செரி, டைனமோவும் இல்ல, வெள்ளப் பம்பும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து மாட்டினார். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் நொண்டியது, ஆனால் அந்தக் குலுக்கல் மாறவில்லை. உள்ளே கனெக்டிங் ராடு தளர்ந்திருந்தால் அந்தப் பிளக் கம்பியை எடுத்ததும் தட்டுகிற சத்தம் குறையும் என்றார். அடுத்து நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினின் முன்மூடியில் வைத்து, மரப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டார். கடைசியாக எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டிங் ஹாண்டிலை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் சின்னக் கையை அவர் சொன்னபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாண்டில் நாலு விரற்கடை நகர்ந்த பிறகுதான் அந்தக் கை அசைந்தது.

"பாத்தேரா? இங்க திருப்பினா அங்க போயிச் சேர இம்புட்டு நேரம். டைமிங் செயின் நீண்டு போச்சாக்கும், டிரைவரே."

டைமிங் செயின் என்பது எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு தகர மூடிக்குள் இருக்கிற சங்கிலி. சைக்கிள் சங்கிலிபோல இரண்டு பல் சக்கரங்களைச் சேர்த்துக்கொண்டு ஓடும். ஒரு சக்கரம் எஞ்சினோடு சுற்றும். மற்றது வால்வுகளைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க வைக்கும். ஓடும்போது சங்கிலியின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருக்கும். தளர்ந்த பக்கம் ஆடாமலிருக்க வில்போல வளைந்த ஓர் எஃகுப் பட்டை அதை அழுத்திக்கொண்டே இருக்கும். செயின், பல் சக்கரங்கள், பட்டை எல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து வந்தன. மேஸ்திரி மாற்றினார். சத்தம் நின்றது. நல்ல மேஸ்திரிகள் பழைய சாமானைக் காகிதத்தில் பொதிந்து வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுப்பார்கள். ஊர் வழக்கம் அது. இவர் பழைய செயினைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மனதில் மட்டும் ஒரு கீறல் போட்டு வைத்தேன், பெட்ரோல் குச்சியில் போடுவதுபோல.

நாலு மாதம் கழித்து அதே குலுக்கல் திரும்பவும் வந்தது. பட்டறைக்குப் போனால் கொட்டகைத் தூணில், ஓர் ஆணியில், பளபளவென்று ஒரு செயின் தொங்குகிறது. எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. புதுசை எடுத்து வைத்துக்கொண்டு, பழசை எண்ணெயில் கொதிக்க வைத்து நமக்கே மாட்டியிருக்கிறான்! அவரிடம் ஒன்றும் கேட்காமல் நேரே சாயக்கடைக்குப் போய் பெஞ்சில் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தேன். நான் வந்தபிறகுதான் மேஸ்திரி முன்மூடியைக் கழற்றினார். உள்ளே புதுச் செயின் புதுசாகவே இருந்தது. அழுத்தும் பட்டைதான் நடுவில் ஒடிந்து இரண்டாகக் கிடந்தது. ஆணியில் தொங்கிய செயின் எங்கள் பழசுதான். மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்தார். அதை எடுத்துப் படுக்கை வசமாக நீட்டிப் பிடித்தார். புதுசு விறைத்து நிற்கும், இது வாழை நார்போல் தொய்ந்து விழுந்தது. செயின் மாற்றச் சொன்னால் நம்பாத ஆட்களுக்குக் காட்ட எடுத்து வைத்ததாகவும், என்னிடம் கேட்டிருக்க வேண்டும், மறந்துபோனதாகவும் சொன்னார்.

சாயக்கடையில் சொன்னதை நான் போய்த் திருத்தவில்லை. திருத்தாமலிருக்க ஒரு புதுச் சந்தேகம் கைவசம் வந்துவிட்டது: பட்டை ஏன் ஒடிந்தது? அசல் பட்டைக்குப் பதிலாகப் பீப்பாய் வளையத்தை வெட்டி வளைத்துப் போட்டிருப்பானோ? மேஸ்திரிக்கும் அது புரியவில்லை. வேறு பட்டை போட்டுவிட்டு, ஒடிந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தானா ஒடியாது, டிரைவரே. யாரோ என்னமோ செய்யுதான்" என்றார். வண்டியைத் தொடுகிற ஒரே ஆள் நான். என்னையா சொல்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்று மாலையிலிருந்து இன்னொரு காவலையும் தொடங்கினேன்.

டாக்டரம்மாவின் வீட்டு முற்றம் ரோட்டைவிடத் தாழ்ந்தது. வாசல் மேலே, முற்றம் கீழே. காலையில் வண்டியின் முதல் உருட்டு முன்னோக்கித்தான் இருக்க வேண்டும், பின்னோக்கி எடுத்தால் அன்றைய நாள் விளங்காது என்பது எங்கள் டிரைவர்மாரின் கணக்கு. அதனால் மாலையில் பின்பக்கமாக இறக்கி, மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்துவேன். கைப் பிரேக் போட மாட்டேன். ஒரு மழைக்காலத்தில் அது பிடித்த பிடியில் ஒட்டிக்கொண்டு, ஒரு பிரசவக் கேஸுக்கு வண்டி அசையவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. அன்றோடு அதன் மேலிருந்த நம்பிக்கை போயிற்று. சக்கரத்துக்குக் கல் வைத்தால் நோயாளிகளோடு வரும் பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடும். ஆக, ஒன்றாம் கியரில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவேன். இப்போது அதோடு, என் மனைவியின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு இழுத்து வைத்தேன்.

காலையில் பார்த்தால் சக்கரம் கோட்டை விட்டு ஒரு சாண் பின்னால் நின்றது. மறுநாளும் அப்படியே. பெட்ரோல் குறையவில்லை, பூட்டு உடையவில்லை, வண்டி மட்டும் ஒரு சாண் பின்னால். டாக்டரம்மா வீட்டுக் காவற்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் கைவிரல்களில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தேன். கடைசியில் மேஸ்திரிதான் வந்து ஏதோ செய்கிறான், வேலை ஓயாமல் வர வேண்டுமென்று செய்கிறான் என்று முடிவுகட்டினேன். பூட்டிய வண்டிக்குள் புகாமல், ஒரு சாண் தள்ளி அவனுக்கு என்ன லாபம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு நண்பகலில் கடியப்பட்டணத்திலிருந்து ஆள் வந்தது. இரண்டு நாளாக வலியெடுத்தும் பிரசவமாகாமல் ஒரு பெண் கிடக்கிறாள். டாக்டரம்மா பையோடு ஏறினார். இரணியல் தாண்டியபோது சத்தம் கேட்கத் தொடங்கியது. கடலுக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது எஞ்சின் பட்பட்டென்று வெடித்து நின்றுவிட்டது. அந்த வழியாக ஒரு மீன்காரர் காலிக் கூடையோடு சைக்கிளில் வந்தார். டாக்டரம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கூடையை இறக்கச் சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போய்விட்டார். நான் அந்தக் கூடைக்குக் காவலாக வெயிலில் நின்றேன். சாயங்காலம் திரும்பி வந்தார். சேலையெல்லாம் மீன் வாடை. குழந்தை இவர் போவதற்கு முன்னமே பிறந்துவிட்டதாம். தாய்க்கு ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது.

"இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தா அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்ல, டிரைவர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வார்த்தையை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் நான் சாயக்கடைக்குக் கொண்டுபோனேன். பீப்பாய் இரும்பை வெட்டி வண்டியில் வைத்து ஒரு தாயைச் சாகக் கொடுக்கப் பார்த்தான் என்று சொன்னேன். முதலில் செயின், இப்போது உயிர். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? ஒரு வாரத்துக்குள் மேஸ்திரியின் கொட்டகை முன்னால் கார்கள் நிற்பது நின்றுபோயிற்று. டாக்டரம்மா மட்டும் மாறவில்லை. லாரியில் கட்டி இழுத்து வந்த வண்டியை அவரிடமே அனுப்பினார். மேஸ்திரி திறந்தார். பட்டை மறுபடியும் இரண்டாக ஒடிந்து, செயின் ஒரு பல் தாண்டியிருந்தது. புதுப் பட்டை போட்டு நேரம் சரிசெய்து கொடுத்தார். "வண்டி ஓடுத இடத்தையெல்லாம் பாத்தாச்சு. நிக்குத இடத்த ஒருநாள் வந்து பாக்கட்டா?" என்று மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்டாராம்.

மறு வாரம், விடிந்து வெயில் வந்த நேரத்தில் அவர் முற்றத்துக்கு வந்தார். நான் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தேன்.

"இது என்னது, கோடு?"

சொல்லிவிடுவோம், சொல்லும்போது அவன் முகத்தைப் பார்ப்போம் என்று நினைத்தேன். "ராத்திரி யாரோ வண்டியத் தொடுதான். அந்தில சக்கரம் கோட்டு மேல நிக்கும். காலத்த பாத்தா ஒரு சாண் பொறத்த போயிருக்கும். நீருதானே சொன்னேரு, யாரோ என்னமோ செய்யுதான்னு."

அவர் முகத்தில் நான் தேடியது வரவில்லை. கோட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார்.

"கைப் பிரேக்கு?"

"போட மாட்டேன்."

"பின்ன எப்பிடி நிக்குது?"

"ஒண்ணாம் கியரு."

அவர் பானெட்டைத் திறந்து டிஸ்டிரிபியூட்டர் மூடியை எடுத்தார். காவற்காரரைக் கூப்பிட்டு, வண்டியின் முன்னால் நின்று பின்பக்கமாக மெல்லத் தள்ளச் சொன்னார். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். வண்டி அங்குலம் அங்குலமாக இறங்க, அந்தச் சின்னக் கை எப்போதும் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. ஸ்குரூ டிரைவரை முன்மூடியில் வைத்து மரப்பிடியை என் காதில் அழுத்தினார். உள்ளே, 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு தள்ளல், இன்னொரு 'டக்'.

"கேட்டேரா? யாரும் வரல்ல, டிரைவரே. வண்டி தானாட்டு எறங்குது. அத ராத்திரி பூரா பிடிச்சு நிறுத்துகது எஞ்சினாக்கும். ஒரு சாண் எறங்கினா எஞ்சின் ரெண்டு சுத்து பொறத்தோட்டு சுத்தும். அப்போ செயினுக்க இறுக்கமெல்லாம் தளரவேண்டிய பக்கத்துக்கு, பட்டை மேல வந்து ஏறும். ஒருநாள் தாங்கும். நூறு நாளு தாங்குமா?"

நான் நிமிரவில்லை. காதை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றேன். எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எத்தனை காலைகளில் அந்தக் கோட்டின் முன்னால் குந்தியிருந்து கள்ளனைத் தேடியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"ஒரு கல்லு வச்சாப் போரும்" என்றார். தோட்டத்து மூலையிலிருந்து அவரே ஒரு பாறைத் துண்டைத் தூக்கி வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்து என் கையில் கொடுத்தார். கடைசியாக ஒடிந்த பட்டை. கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், பீப்பாய் இரும்பில்லை, நல்ல வில் எஃகு. "சாயக்கடையில இதக் காட்டி நீரே சொல்லணும். நான் பறஞ்சா தப்பிக்கச் சொல்லுதான்னு நினைப்பானுவ. நீரு பறஞ்சா நம்புவானுவ." என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. குரல் உயரவும் இல்லை.

அன்று மத்தியானமே சட்டைப் பையில் அந்தப் பொதியோடு சாயக்கடைக்குப் போனேன். நான் உட்காருமுன் ஒரு டிரைவர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். "உம்மகிட்ட ஒரு வாக்கு கேக்காம வண்டிய எந்த மேஸ்திரிகிட்டயும் விடாண்டாம்னு எனக்க முதலாளி சொல்லிட்டாரு, கேட்டேரா" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் எப்படி எடுத்துக் காட்டுவது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் ஒரு நாளை இருந்தது. நாட்கள் போகப்போக என் புத்தி எனக்குத் துணைக்கு வந்தது: அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிவிட்ட கதையாக ஏன் இருக்கக் கூடாது? ஆனால் மாலைதோறும் அந்தக் கல்லை நான்தான் வைத்தேன். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து சக்கரம் நூல்கூட நகரவில்லை. சத்தமும் பிறகு வரவே இல்லை. டாக்டரம்மா ஒருநாள் கல்லைப் பார்த்துவிட்டு, "இது எப்போதிருந்து, டிரைவர்?" என்று கேட்டார். மழைக்காக வைத்தது என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

மூன்று மாதம் இருக்கும். ஒரு காலையில் மேஸ்திரியின் கொட்டகைத் தட்டி கயிற்றால் கட்டிக் கிடந்தது. கொல்லம் பக்கம் ஏதோ லாரிப் பட்டறைக்குக் கூலிக்குப் போய்விட்டாராம், குடும்பத்தோடு. சாயக்கடைக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "கள்ளம் வெளிய வந்தா ஊருல நிக்க முடியுமா?" என்றார். பெஞ்சிலிருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பொதி பையில்தான் இருந்தது. நான் சாயாவைக் குடித்தேன்.

பிறகு எங்கள் தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, கொல்லம் வேறு மாநிலமாயிற்று. டாக்டரம்மாவை அந்த வழியாக ஏற்றிப்போன இரண்டு மூன்று தடவை, வழியிலுள்ள பட்டறைகளில் இடது காதில் பஞ்சு வைக்கிற ஒரு மேஸ்திரியைத் தெரியுமா என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். நாகர்கோவிலில் மகன் வீட்டு வாசலும் கொஞ்சம் சரிவுதான். அவன் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும் நான் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பேன். "அப்பாவுக்கு எனக்க பிரேக்கிலயும் சந்தேகம்" என்று அவன் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

இன்று சவரம் முடித்ததும் பொதியைப் பிரித்து, இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இன்னும் அப்படியே பொருந்துகின்றன. அவரிடம் இருந்த ஒரே சாட்சி இதுதான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், பாதியையாவது என் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். அவர் இரண்டையும் என்னிடமே தந்துவிட்டுப் போனார்.